கணிதக் குறியீடுகள் சிந்தனையை வழிநடத்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வாரக் கடைசிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். அவர்களும், அழைத்து வரும் பெற்றோரும், சில சமயம் தாத்தா பாட்டிகளும் பாடத்தைத் தாண்டிக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: கணக்கை எழுதும் விதத்துக்கும் கணக்கில் தோன்றும் கருத்துக்கும் என்ன உறவு? எழுத்து வேண்டிய இடங்களில் எக்ஸ், ஒய் என்பதற்குப் பதிலாக க, ச என்று போட்டிருக்கிறேன்.

குறியீடு என்பது சுருக்கெழுத்துதானே? அதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பெரும்பாலும் சுருக்கெழுத்தாகத்தான் தொடங்குகிறது. ஒரே சொல்லை எழுதி எழுதிக் கை சலித்துப்போய் யாரோ ஒருவர் ஒரு கோடு போடுகிறார். ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் = என்ற குறியைப் புகுத்தியபோது சொன்ன காரணமே அதுதான். ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறு எவையும் இல்லை என்றார்.

தாளில் வந்து உட்கார்ந்த பிறகு குறி தன் போக்கில் போக ஆரம்பிக்கிறது. அதை உண்டாக்கியவர் நினைத்தே பார்க்காத ஒன்றையும் எழுத இடம் கொடுக்கிறது. “இப்படியும் எழுதலாம் போலிருக்கிறதே, எழுதினால் என்ன பொருள்?” என்று பின்னால் வரும் ஒருவர் கேட்கிறார். பதில் தேடப் போனால் புதிதாக ஒரு கருத்து கிடைக்கிறது. குறியீடு செய்யும் வேலைகளில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன். நேரம் மிச்சமாவதெல்லாம் அதற்கு அடுத்தது.

இதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால்?

அடுக்குக் குறி. யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் ‘வர்க்கம்’, மறுபடி பெருக்கினால் ‘கனம்’ என்று எல்லா ஊரிலும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். வர்க்கம் என்றால் சதுரத்தின் பரப்பு. கனம் என்றால் கட்டியின் கொள்ளளவு. அதற்குமேல் போனால் வரைந்து காட்ட ஒன்றுமில்லை. நீளத்தோடு பரப்பைக் கூட்டுவதே தப்பு என்று ஐரோப்பாவில் பலர் கருதினார்கள். 1637-இல் ரெனே தெகார்த் க³, க⁴ என்று தலைக்குமேல் சின்னதாக எண்ணைப் போட்டு எழுதினார். கூடவே, ஓர் அலகு நீளத்தை முதலில் எடுத்துக்கொண்டால் இரண்டு கோடுகளின் பெருக்கலையும் ஒரு கோடாகவே வரையலாம் என்றும் காட்டினார். க⁴ என்பதை நான்கு பரிமாணப் பொருளாகக் கற்பனை செய்ய வேண்டிய சங்கடம் போய்விட்டது.

ஆனால் மேலே உட்கார்ந்திருப்பது ஓர் எண். எண் என்றால் அதைக் கூட்டலாம், கழிக்கலாம், பாதியாக்கலாம். க³ × க² = க⁵ என்பதில் மேலே நடப்பது வெறும் கூட்டல். சரி, அப்படியானால் க² ÷ க⁵ என்ன? மேலே கழித்தால் க⁻³. ‘க-வைக் கழித்தல் மூன்று தடவை பெருக்கு’ என்றால் யாருக்கும் புரியாது. ஆனாலும் எழுத முடிகிறது. எழுதியதற்குப் பொருள் கொடுத்தாக வேண்டும். கூட்டல் விதி கெடாமல் இருக்க 1/க³ என்ற ஒரே பொருள்தான் பொருந்துகிறது. அடுக்கில் அரையைப் போட்டால்? அதை அதனாலேயே பெருக்கினால் க வர வேண்டும். ஆக அது வர்க்கமூலம். ஜான் வாலிஸ் 1656-இல் கழித்தல் அடுக்கையும் பின்ன அடுக்கையும் பற்றி எழுதினார். நியூட்டன் 1676-இல் எழுதிய கடிதத்தில் இவற்றை இன்று நாம் எழுதும் வடிவிலேயே காணலாம். ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குக்கு விரித்து, அவர் முடிவிலித் தொடர்களுக்குப் போன வழியும் இதுதான்.

அங்கேயும் நிற்கவில்லை. அடுக்கில் கற்பனை எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 1748-இல் ஆய்லர் வெளியிட்ட விடை, அடுக்குச் சார்பையும் சைன், கொசைன் இரண்டையும் ஒரே வரியில் கட்டிப்போட்டது. ‘எத்தனை தடவை பெருக்கினோம்’ என்று குறித்துக்கொள்ள வந்த சின்ன எண் அது. வர்க்கம், கனம் என்று பெயர்களோடு நின்றிருந்தால் ‘அரை வர்க்கம்’ என்ன என்று யாருக்குக் கேட்கத் தோன்றியிருக்கும்?

குறியீடே இல்லாத காலத்தில் இயற்கணிதம் எப்படிச் செய்தார்கள்?

வாக்கியங்களில். பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி எழுதிய புகழ்பெற்ற கணக்கு இது: ஒரு வர்க்கமும் அதன் மூலத்தில் பத்தும் சேர்ந்தால் 39. விடை காணும் முறையும் பேச்சுதான். பத்தில் பாதி ஐந்து. அதை அதனாலேயே பெருக்கினால் 25. 39-ஐச் சேர்த்தால் 64. அதன் மூலம் 8. ஐந்தைக் கழித்தால் 3. முறை முழுக்கச் சரி. சதுரம் வரைந்து நிரூபணமும் கொடுத்தார்.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. கழித்தல் எண்ணைக் கெழுவாக (மாறியோடு பெருக்கி நிற்கும் எண்ணாக) ஏற்காததால், ‘வர்க்கமும் மூலமும் சேர்ந்து எண்ணுக்குச் சமம்’, ‘வர்க்கமும் எண்ணும் சேர்ந்து மூலத்துக்குச் சமம்’ என்று ஆறு வகை சமன்பாடுகளைத் தனித்தனியே நடத்த வேண்டியிருந்தது. 1545-இல் கார்டானோ முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்தபோது அந்த வகைகள் பதின்மூன்று ஆகிவிட்டன. பதின்மூன்றுக்கும் விதி, விளக்கம், நிரூபணம்.

1591-இல் பிரான்சுவா வியேட், தெரியாத எண்ணுக்கு மட்டுமின்றித் தெரிந்த எண்ணுக்கும் எழுத்து போட்டார். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஆனால் 10, 39 என்று எண்களாக எழுதினால் அவை கூட்டலிலும் பெருக்கலிலும் கரைந்து போகும். கடைசி விடையான 3-ஐப் பார்த்து அது எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. எழுத்தாக இருந்தால் கடைசி வரி வரைக்கும் கரையாமல் நிற்கும். ‘சூத்திரம்’ என்று நாம் இன்று சொல்வது அப்போதுதான் முழு உருவம் பெற்றது. கழித்தல் எண்களும் ஏற்கப்பட்டபின் பதின்மூன்று வகைகளும் ஒரே சமன்பாடாக ஆயின.

நம் நாட்டில் எழுத்துக் குறிகள் இல்லையா?

இருந்தன, அதுவும் ஐரோப்பாவுக்கு முன்பே. இரண்டாம் பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய பீஜகணிதத்தில் தெரியாத எண்ணுக்கு ‘யாவத்தாவத்’ என்பதன் முதலெழுத்து ‘யா’. இன்னொன்று வேண்டுமென்றால் நிறங்களின் பெயர்: கருமைக்கு ‘கா’, நீலத்துக்கு ‘நீ’. வர்க்கத்துக்கு ‘வ’. தனி எண்ணுக்கு முன்னால் ‘ரூ’. கழித்தல் எண்ணின் தலையில் ஒரு புள்ளி. பூஜ்யத்துக்கும் கழித்தல் எண்ணுக்கும் உரிய கணக்கு விதிகளைப் பிரம்மகுப்தர் 628-இலேயே கொடுத்துவிட்டதால், இருபடிச் சமன்பாட்டை இங்கே பல வகைகளாகப் பிரித்துப் போராட வேண்டி வரவில்லை. பல மாறிகளைச் சளைக்காமல் கையாண்டதற்கும் இந்த நிறப் பெயர்கள் பெரிய துணை என்பது என் எண்ணம். கெழுக்கள் மட்டும் எண்களாகவே இருந்தன.

தமிழ் எண்களில் பூஜ்யம் இல்லையாமே? அது குறைதானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பாதிப் பேர் வருத்தத்தோடு கேட்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய முறையில் ௧ முதல் ௯ வரை குறிகள். அப்புறம் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. 2025-ஐ ௨௲௨௰௫ என்று எழுதினார்கள்: ‘இரண்டு ஆயிரம் இரண்டு பத்து ஐந்து’. நூறு இல்லை, அதனால் நூறின் குறியும் இல்லை. காலியிடத்தைக் காட்ட ஒரு குறி வேண்டிய அவசியமே எழவில்லை. லட்சம் ௱௲, அதாவது நூறாயிரம். வாயால் சொல்வது அப்படியே கையில் வருகிறது. பதிவு வைக்க இது அருமையான முறை. தாளில் எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பெருக்க உதவாது. அந்தக் கணக்கைத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வாய்ப்பாடுகளை மனப்பாடம் செய்து மனத்தால் போட்டார்கள். இடமதிப்பும் பூஜ்யமும் வந்தபின் வேலையின் பெரும்பகுதி நினைவிலிருந்து தாளுக்கு இறங்கியது. இதை நான் பெரிய மாற்றமாகவே பார்க்கிறேன், மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் கீழே, ஒன்றுக்கும் குறைவான அளவுகளில் தமிழ்க் கணக்கு செய்தது அசாத்தியமானது. கால், அரை, முக்காலோடு நிற்கவில்லை. அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும்: ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் 1/20 + 1/80, சரியாக 1/16. இத்தனைக்கும் மேல் ‘கீழ்’ என்று ஒரு குறி இருந்தது. எந்தப் பின்னத்தின்முன் போட்டாலும் அது 320 மடங்கு சிறியதாகிவிடும். கீழ்முந்திரி என்றால் 1/1,02,400. அதாவது அளவையே ஒரு படி இறக்கும் குறி. தசம எண்ணில் புள்ளிக்கு வலப்பக்கம் ஓரிடம் தள்ளுவதற்கு நிகரானது, பத்துக்குப் பதிலாக 320.

இனி ஒரு சோதனை. மூன்றில் ஒரு பங்கை இந்தக் குறிகளால் எழுதிப் பாருங்கள். கால், அதாவது 80 முந்திரி. மாகாணி 20, காணி 4, அரைக்காணி 2. மொத்தம் 106 முந்திரி. இன்னும் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மீதி. கீழே இறங்கினால் 213 கீழ்முந்திரி வந்து, மறுபடி மூன்றில் ஒன்று மிஞ்சும். எத்தனை படி இறங்கினாலும் முடியாது. 320-ஐ வகுக்கும் பகா எண்கள் 2, 5 மட்டும் என்பதே காரணம். 1/3 = 0.333… என்று தசமத்தில் ஓடிக்கொண்டே இருப்பதற்கும் அதே காரணம்தான். முடிவிலாத் தொடரைப் பற்றிய ஒரு கேள்வி இந்தக் குறிகளுக்குள்ளேயே இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தபோது, தசம விரிவு ஏன் முடிகிறது, ஏன் முடியாமல் போகிறது என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது.

இந்தப் பின்னக் குறிகள் 2019-இல் வந்த யூனிகோட் 12-ஆம் பதிப்பில் தமிழுக்கான துணைத் தொகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டன, ‘கீழ்’ உட்பட.

நியூட்டனும் லைப்னிட்சும் ஒரே நுண்கணிதத்தைத்தானே கண்டுபிடித்தார்கள்? எழுதும் முறை வேறானால் என்ன?

நியூட்டன் மாறும் அளவின் தலையில் புள்ளி வைத்தார். லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட முறை நாம் +2-வில் பார்க்கும் ‘டிஒய் பை டிஎக்ஸ்’. கூட்டலைக் குறிக்க நீண்ட ‘எஸ்’ எழுத்தை ∫ என்று எழுதினார். புள்ளி, நேரத்தைப் பொறுத்து ஏற்படும் மாற்றத்துக்கு நன்றாகவே போதும். இயற்பியலில் இன்னும் இருக்கிறது. எதைப் பொறுத்து மாறுகிறது என்பதை அது சொல்லாது. லைப்னிட்ஸின் குறியில் அது கீழேயே எழுதியிருக்கிறது. சங்கிலி விதியை எழுதும்போது நடுவிலிருப்பது மேலும் கீழும் அடிபட்டுப்போவது மாதிரியே தோன்றும். விதி தானாக நினைவில் நிற்கும். பிரிட்டனில் நியூட்டன் பற்று காரணமாகப் புள்ளியையே நெடுநாள் வைத்திருந்தார்கள். 1812-இல் கேம்பிரிட்ஜில் பாபேஜ், ஹெர்ஷல், பீகாக் போன்ற மாணவர்கள் ஒரு சங்கமே அமைத்து, லைப்னிட்ஸின் குறியைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி 1695-இல் நடந்தது. இரண்டு தடவை வகையிட்டால் ‘டி’-யின் மேல் 2 போடுகிறோம், மூன்று தடவை என்றால் 3. அங்கே அரை போட்டால் என்ன ஆகும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லோபிதால் கேட்டார். இதிலிருந்து ஒருநாள் பயனுள்ள விளைவுகள் வரும் என்று லைப்னிட்ஸ் பதில் எழுதினார். வந்தன. இன்று க-வின் அரை வகைக்கெழு என்ன என்று கேட்டால் விடை உண்டு: க-வைப் பை-யால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். அதை இன்னொரு தடவை அரையாக வகையிட்டால், முழுதாக ஒரு தடவை வகையிட்டதற்குச் சமமாக 1 வந்துவிடுகிறது. பாதி திரவம்போலவும் பாதி திடம்போலவும் நடந்துகொள்ளும் பொருள்களை விவரிக்க இந்தப் பின்னநிலை நுண்கணிதம் பயன்படுகிறது. தலையில் புள்ளி வைக்கும் முறையில் அரைப் புள்ளியை எப்படி வைப்பது?

அப்படியானால் ‘டிஒய் பை டிஎக்ஸ்’ ஒரு பின்னமா, இல்லையா?

பின்னம் இல்லை. பின்னத்தின் எல்லை. ஆனால் பல இடங்களில் பின்னம்போல நடந்துகொள்ளும். ஏன் அப்படி என்பது ஒரு தேற்றம். இரண்டாம் வகைக்கெழுவில் அப்படி அடித்துவிட்டால் விடை தப்பாகும்.

ராமானுஜனுக்குக் குறியீடு முக்கியமாக இருந்ததா? அவர் எல்லாம் மனத்திலேயே போட்டவர் ஆயிற்றே?

சிலேட்டில் போட்டார். காகிதத்துக்குச் செலவு என்பதால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் உள்ளன. நகல் பதிப்பை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957-இல் வெளியிட்டது. 1912-இல் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்வதற்கு முன்பிருந்தே எழுதிவந்தவை. அவற்றில் குறியீட்டின் பங்கு வெளிப்படையாகவே தெரியும்.

தீட்டா சார்புகள் என்ற முடிவிலித் தொடர்களை 1829-இல் ஜேக்கோபி பெரிய அளவில் ஆராய்ந்திருந்தார். அந்த மரபில் இரண்டு மாறிகளுக்கு இரண்டு வெவ்வேறு பாத்திரங்கள். ராமானுஜன் அதையே தம் போக்கில், இரண்டு மாறிகளும் சமமாக நிற்கும்படி எழுதினார்:

1 + (க + ச) + கச(க² + ச²) + க³ச³(க³ + ச³) + …

க-வையும் ச-வையும் இடம் மாற்றினாலும் தொடர் மாறாது. பார்த்தாலே தெரிகிறது. இப்போது ச-வுக்கும் க-வையே போடுங்கள். 1 + 2க + 2க⁴ + 2க⁹ + … அடுக்குகளில் 1, 4, 9: வர்க்க எண்கள். ச-வுக்குப் பதில் க³ போடுங்கள். அடுக்குகள் 1, 3, 6, 10, 15, 21: முக்கோண எண்கள். க-வுக்கு −க, ச-வுக்கு −க² போட்டால் 1 − க − க² + க⁵ + க⁷ − … என்று ஆய்லரின் ஐங்கோண எண் தொடர் வரும். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற பிரிவினைக் கணக்கின் உயிர்நாடி அந்தத் தொடர். மூன்றும் ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன. இவற்றுக்கிடையே உறவுகளைத் தேடிப் போனவருக்கு இந்த எழுத்துமுறை எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதைக் கையால் ஒரு தடவையாவது விரித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்வேன். பிளஸ் ஒன் மாணவரே செய்துவிடலாம்.

1919-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 4, 9, 14, 19 என்று போகும் எண்களின் பிரிவினை எண்ணிக்கைகள் எல்லாம் 5-ஆல் வகுபடும் என்று காட்டினார். 5, 30, 135, 490. இதைச் சொல்ல இன்று பயன்படும் மூன்று கோட்டுக் குறி ≡, அதாவது ‘வகுத்தால் ஒரே மீதி’ என்பதற்கான குறி, கௌஸ் 1801-இல் கொடுத்தது. சமக் குறியின் சாயலில் இருப்பதால், சமன்பாட்டைப்போல இதையும் கூட்டலாமா, பெருக்கலாமா என்று கை தானே முயன்று பார்க்கும். பெரும்பாலும் முடியும். வகுக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

கோலத்தில் கணிதம் இருக்கிறது என்கிறார்களே, அதற்கும் குறியீட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் சென்னையிலேயே நடந்தது. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று மார்கழிக் கோலப் பக்கங்களில் பார்த்திருப்பீர்கள். நடுவரிசையில் 15, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் புள்ளி. சில சொற்களில் முழுப் புள்ளிக்கட்டும் வந்துவிடுகிறது. அதுவே நல்ல குறியீடு.

தாம்பரம் மதராஸ் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், கமலா கிருத்திவாசனும் 1970-களில் இதை மேலே கொண்டுபோனார்கள். மொழி இலக்கணங்களைக் கணிதமாக்கும் முறை அப்போது ஓரளவு வளர்ந்திருந்தது. ஆனால் அந்த இலக்கணங்கள் எழுத்துகளை ஒரே வரியில் வரிசையாக எழுதுபவை. கோலம் வரியில் அடங்காது, தளத்தில் பரவுவது. அதை எழுத வேண்டும் என்றால் இலக்கணமே இரண்டு திசையில் வளர வேண்டும். அப்படி அவர்கள் உருவாக்கிய வரிசையணி இலக்கணங்கள், கணினி அறிவியலில் தனி ஆய்வுப் பொருளாக நிலைத்தன. வாசலில் போடும் கோலத்தை எழுத இருந்த முறை போதாமல் போனதால் புதுக் கணிதம் பிறந்தது. இதைப் பற்றிச் சென்னைப் பள்ளிகளில் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

சங்கீதத்தில் 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்களும்) இதே மாதிரியா?

ரொம்பவே. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி, ரிஷப காந்தாரத்துக்கு 6 சேர்க்கை, மத்யமம் 2, தைவத நிஷாதத்துக்கு 6 என்று பெருக்கி 72 மேளங்களை வகுத்தார். அன்று வழக்கில் இருந்தவையாக அவர் சொன்னது 19 மட்டுமே. மீதி எல்லாம் யாரும் பாடாத இடங்கள். கட்டம் முதலில் வந்தது, ராகம் பின்னால் வந்து உட்கார்ந்தது. பிற்காலத்தில் கோடீஸ்வர ஐயர் 72-இலும் தமிழில் கீர்த்தனை இயற்றினார். பெயரிலேயே எண்ணை ஒளித்து வைக்கும் கடபயாதி முறையும் சேர்ந்துகொண்டது: மேசகல்யாணியில் ‘ம’ 5, ‘ச’ 6, திருப்பினால் 65-ஆவது மேளம்.

குறியீடு தவறான வழியில் இழுத்துச் சென்றதும் உண்டா?

நிறைய. √−1 × √−1 என்பதை மூலக்குறிக்குள் சேர்த்தால் √1, அதாவது 1. சரியான விடை −1. மிகை எண்களுக்கான விதியைக் குறி தாராளமாகக் கழித்தல் எண்ணுக்கும் நீட்டிவிடுகிறது. 1777-இல் ஆய்லர் இதற்குத் தனி எழுத்து போட்டதும், கௌஸ் அதைப் பரப்பியதும் இந்தக் குழியை மூடின.

வகுப்பறையில் நான் அதிகம் பார்ப்பது சமக் குறியை. 3 + 4 = 7 × 2 = 14 என்று எழுதும் பிள்ளைக்கு, = என்றால் ‘விடை வருகிறது’ என்று பொருள். விடை சரி, எழுதியது பொய், ஏனென்றால் 3 + 4 என்பது 14 ஆகாது. ஆரம்ப வகுப்பில் பரவாயில்லை என்று விட்டுவிடுகிறோம். எட்டாம் வகுப்பில் சமன்பாடு வரும்போது, இரண்டு பக்கமும் ஒரே எண் என்ற எண்ணமே இல்லாமல் அந்தப் பிள்ளை திணறுகிறது. முதல் வகுப்பிலேயே 7 = 3 + 4 என்றும், 3 + 4 = 5 + 2 என்றும் எழுதப் பழக்கினால் பாதிச் சிரமம் தீரும்.

நல்ல யோசனை மோசமான எழுத்துமுறையால் தங்கிவிடுவதும் உண்டு. கோட்லோப் ஃப்ரேகே 1879-இல் இன்றைய தருக்கவியலின் அடித்தளத்தையே போட்டார். ஆனால் அவருடைய குறியீடு பக்கவாட்டிலும் கீழ்நோக்கியும் கிளைவிட்டுப் படரும். அச்சுக் கோக்கவும் கஷ்டம், படிக்கவும் கஷ்டம். கருத்து நிலைத்தது, கணித அறிஞர்கள் பியானோவும் ரஸ்ஸலும் எழுதிய ஒரே வரி முறையின் வழியாக.

பெரிய கண்டுபிடிப்புக்குக் குறியீடு கட்டாயம் தேவையா?

தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் ஒருபக்கமாகிவிடும். சங்கமகிராமத்து மாதவர் 14-ஆம் நூற்றாண்டில் வட்டத்தின் சுற்றளவுக்குக் கண்ட 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற முடிவிலித் தொடர் செய்யுளில் சொல்லப்பட்டது. ஜ்யேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் மலையாள உரைநடையில் யுக்திபாஷை எழுதி அதற்கு நிரூபணமும் கொடுத்தார். ஒரு குறிகூட இல்லாமல் எல்லை, கூட்டுத்தொகை பற்றிய வாதங்களைக் கச்சிதமாக நடத்துகிறார். இந்தச் சுவடிகளைப் பதிப்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட கே.வி. சர்மா, கடைசிக் காலத்தில் சென்னை அடையாறில் இருந்துதான் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

யுக்திபாஷையின் ஒரு வாதத்தைத் தொடர, வாசகர் முழு வடிவத்தையும் மனத்தில் தாங்க வேண்டும். ஓர் இடத்தில் பிடி நழுவினால் முதலிலிருந்து வர வேண்டும். மேதையும் நல்ல குருவும் இருந்தால் அது நடக்கும். குறியீடு அதே வழியைச் சாதாரண மாணவருக்கும் திறந்துவிடுகிறது.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு எக்ஸ், ஒய் தடையா? தமிழ் எழுத்தையே பயன்படுத்தலாமே?

தொடக்கத்தில் பயன்படுத்தலாம், நானும் செய்கிறேன். பெரிதாகும்போது ஒரு சிக்கல் வரும். பக்கத்தில் எழுதினாலே பெருக்கல் என்பது இயற்கணிதத்தின் வசதி. தமிழில் உயிரும் மெய்யும் ஒட்டிக்கொள்பவை; க-வையும் ஆ-வையும் மாறிகளாக வைத்தால் பெருக்கலா, ‘கா’ என்ற எழுத்தா என்ற குழப்பம் வந்துவிடும். க, ச, த போன்ற அகரம் ஏறிய மெய்களோடு நிறுத்திக்கொண்டால் சமாளிக்கலாம். எப்படியும் எட்டாம் வகுப்புக்குள் உலகம் முழுக்க வழங்கும் எழுத்துகளுக்குப் பழகிவிடுவது நல்லது. விளக்கம் மட்டும் தமிழில் இருக்கட்டும்.

இப்போதும் புதுக் குறியீடுகள் வருகின்றனவா?

வருகின்றன. படமே குறியீடாவது சமீபகாலத்தின் பெரிய மாற்றம். 1999-இல் வான் ஜோன்ஸ் முன்வைத்த ‘தள இயற்கணித’த்தில், வட்டங்களையும் அவற்றை இணைக்கும் இழைகளையும் வரைவதே கணக்கு, இழையைக் கிழிக்காமல் நெளித்தால் சமன்பாடு மாறாது. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் வி.எஸ். சுந்தர், விஜய் கொடியாலம் ஆகியோர் இந்தத் துறையில் முக்கியமான பணி செய்தார்கள். ஒரு வரி எழுத்தில் பக்கக்கணக்கில் நீளும் நிரூபணம் இதில் ஒரு படத்தில் முடிவதுண்டு.

வீட்டில் பிள்ளையோடு செய்ய ஒன்று சொல்லுங்கள்.

4-ஐ எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. ஐந்து விதம். இப்போது எண்களை விட்டுவிட்டு அரிசி மாவாலோ பென்சிலாலோ புள்ளி வைக்கச் சொல்லுங்கள்: 3+1 என்றால் மேல்வரிசையில் மூன்று, கீழே ஒன்று. பிறகு வரிசைகளுக்குப் பதிலாக நெடுவரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். 3+1 இப்போது 2+1+1 ஆகிவிட்டது. 4 என்பது 1+1+1+1 ஆகிவிட்டது. 2+2 மட்டும் அப்படியே நிற்கும்.

அடுத்து 5, 6, 7 (7-க்கு 15 விதம் வரும்). ‘அதிகபட்சம் இரண்டு எண்களாகப் பிரிப்பவை எத்தனை? ஒன்றும் இரண்டும் மட்டும் வரும்படி பிரிப்பவை எத்தனை?’ என்று இரண்டையும் தனித்தனியே எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் சமமாக வரும். ஏன் என்று எண்களை வைத்து விளக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் புள்ளிப் படத்தைக் கையில் கொடுங்கள்.